துப்பாக்கிக் குழல் ரிப்பேர்: காத்திருப்பதும் கேட்டு வாங்குவதும்

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர் வட்டாரத்தில் லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருக்கும் தோட்டக்காரர்கள் பலரிடம் இருப்பது அப்பாவோ தாத்தாவோ வாங்கிய பழைய ரெட்டைக் குழல் பன்னிரண்டு போர் (போர் என்பது குழல் துளையின் அளவு) துப்பாக்கிதான். அவற்றுக்கு வரும் சீக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். மலை மூட்டத்தில் குழல் துருப்பிடிக்கும், குழல்களை இணைக்கும் பற்று விடும். சரி செய்ய மலையில் ஆள் கிடையாது. கீழே இறங்கி சமவெளியில் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். கொடுப்பது சுலபம், திரும்ப வாங்குவதுதான் பெரிய பாடு. என் துப்பாக்கி ஒரு காப்பி சீசன் முடிந்து கீழே போனது, அடுத்த சீசன் பழம் பறித்து முடிந்தும் வரவில்லை. அதில் நான் கற்றுக்கொண்டதை, இப்போது கொடுக்கப் போகிறவர்களுக்காகவும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் துப்பாக்கி வேட்டைக்கு இல்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, காட்டுமாடு மிளகுக்கொடியை மிதித்தாலும், பன்றி வாழையைச் சாய்த்தாலும், சுடுவதற்கு லைசென்ஸ் நமக்கு உரிமை தரவில்லை. தோட்டத்துக்கு நடுவில் தனி வீடு, கூப்பிடு தூரத்தில் யாரும் இல்லை, அதற்கான பாதுகாப்பு. அதோடு இது அப்பாவின் பொருள். பர்மிங்காமில் செய்த வெப்லி அண்ட் ஸ்காட். அப்பாவுக்குப் பிறகு வாரிசு என்ற முறையில் லைசென்ஸ் என் பெயருக்கு மாறியது. விற்று வேறு வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு இதுதான் வேண்டும்.

என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதை நீங்களே செய்யலாம். தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். குழலுக்கு அடியில் கையால் பிடிக்கும் மரமான முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியே எடுங்கள். குழலின் அடியில் கொக்கி போல இருக்கும் இரும்பில் ஒரு விரலை விட்டுத் தொங்கவிட்டு, மறுகை விரல் முட்டியால் நடுவில் தட்டிப் பாருங்கள். இரண்டு குழலும் அவற்றை நடுவில் நெடுக இணைக்கும் இரும்புப் பட்டையான ரிப்பும் உறுதியாக ஒட்டியிருந்தால் கோயில் மணி மாதிரி ஓசை நீண்டு போகும். எங்காவது பற்று விட்டிருந்தால் சட்டென்று செத்துவிடும், இல்லை கர்ரென்று ஒரு அதிர்வு கேட்கும். என்னுடையதைத் தட்டியபோது கர்ரென்றது. அடிப்பக்க ரிப்பின் ஓரத்தில் விரலை ஓட்டினால் கூந்தல்முடி அளவுக்கு ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. அந்த இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன், உள்ளே இறங்கிப் போய்விட்டது. எண்ணெய் போகிற வழியில் பனியும் போகும். ஐப்பசி பிறந்தால் இங்கே வாரக்கணக்கில் மூட்டம் விலகாது. இரண்டு குழலுக்கும் ரிப்புக்கும் நடுவே இருக்கும் அந்த மூடிய இடத்தில் ஈரம் தங்கி, எந்தத் துணியும் எட்டாத இடத்தில் உள்ளிருந்து இரும்பைத் தின்னும். வெளியில் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே குழல் மெலிந்துகொண்டிருக்கும்.

இதுபோக இடது குழலில் வாய்ப் பக்கம் ஒரு சொட்டை, அதாவது அடிபட்டு உள்வாங்கிய பள்ளம். உள்ளே ஆங்காங்கே துருப்புள்ளி. ஆக, ரிப்பைப் பிரித்து மறுபடி பற்றவைப்பது, சொட்டை எடுப்பது, உள்பக்கம் தேய்ப்பது, கடைசியாக இரும்புக்குக் கருநிறப் பூச்சு ஏற்றும் ப்ளூயிங், இவ்வளவும் வேலை.

இந்த வேலை ஏன் நாள் பிடிக்கும் என்பது தெரியாமல் துப்பாக்கி ரிப்பேர் செய்பவரோடு பேசினால் பேச்சு ஒருதலையாகத்தான் இருக்கும். அவர் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்றே தெரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ரிப்பைப் பிடித்திருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று. சுமார் 200 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும். ஒரு இடத்தில் விட்டிருக்கிறது என்று அந்த இடத்தை மட்டும் சூடு காட்டி ஒட்டினால் பக்கத்து இடம் இளகி விடும். அதனால் ஒழுங்காகச் செய்பவர் ரிப் முழுவதையும் எடுத்துவிடுவார். பழைய பற்றைச் சுரண்டி, உள்துருவைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு பரப்புக்கும் புதிதாக வெள்ளீயப் பூச்சு கொடுத்து, குழல்களையும் ரிப்பையும் இரும்புக் கம்பியால் நெடுக இறுக்கிக் கட்டி, கம்பிக்கு அடியில் ஆப்பு வைத்து, ஒரே சீராகச் சூடாக்க வேண்டும். சூடு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் குறைந்தால் குழல் நூலளவு வளையும். அப்புறம் வலது குழல் ஒரு பக்கம் சுடும், இடது குழல் வேறு பக்கம் சுடும். பற்றவைக்கப் போட்ட திராவகத்தை மிச்சமில்லாமல் கழுவி எடுக்க வேண்டும். உள்ளே கொஞ்சம் தங்கினாலும் ஒரே மழைக்காலத்தில் மறுபடி துரு.

சொட்டை எடுப்பது இன்னும் பொறுமை கேட்கும். குழலின் துளைக்குச் சரியாகப் பொருந்தும் உருளையை உள்ளே செலுத்தி, வெளியிலிருந்து சின்னச் சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி, உருளையை மாற்றி மாற்றி இரும்பைப் பழைய இடத்துக்குத் தூக்க வேண்டும். சொட்டையை எடுக்காமல் உள்ளே தேய்த்தால், உள்ளே துருத்திய இடத்தில் இரும்பு தேய்ந்து காகிதமாகிவிடும். பிறகு சொட்டையைத் தூக்கினால் அங்கே பலம் இருக்காது. பன்னிரண்டு போர் குழலின் துளை 18.5 மில்லிமீட்டர், அதாவது 0.729 அங்குலம். தேய்க்கத் தேய்க்க அது பெரிதாகும், சுவர் மெலியும். சுவர் அரை மில்லிமீட்டருக்குக் கீழே, ரிப்பேர் செய்பவர்கள் கணக்கில் 20 தௌ-க்குக் (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே போனால் கவலைப்பட வேண்டும். துருப்புள்ளி முழுவதும் போய்க் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடித்தால் நம் குழலை நாமே மெலிய வைக்கிறோம். மேலோட்டமான புள்ளிகள் இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசியில் ப்ளூயிங். ரெட்டைக் குழலுக்கு மெதுவான முறைதான் சரி. மருந்தைத் தடவி, ஈரமான இடத்தில் வைத்து, மெல்லிய செந்துரு பூக்கவிட்டு, கொதிநீரில் போட்டால் அந்தச் சிவப்பு கறுப்பாக மாறும். நைசான இரும்பு நூலால் தேய்த்துவிட்டு மறுபடி தடவ வேண்டும். இப்படி ஆறு முதல் பத்துத் தடவை வரை போகும். ஒரு பூச்சுக்கு ஒரு நாள் என்று வைத்தாலே ஒரு வாரம் ஓடிவிடும். நடுவில் யாராவது எண்ணெய்க் கையால் தொட்டால் திட்டு விழும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எல்லாம் சேர்த்து, ஒரே ஆள், கையில் வேறு துப்பாக்கிகளும் இருக்கின்றன என்றால் இரண்டு மூன்று மாதம் ஆவது நியாயம். அதை நான் தாமதம் என்று சொல்ல மாட்டேன். வேலை நடக்காமல் கிடப்பதுதான் தாமதம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதித் தலைவலி போய்விடும்.

என் விஷயத்துக்கு வருகிறேன். நான் கொடுத்த கடைக்காரர் பெயர் பெற்றவர், வயதில் மூத்தவர். ஊரையும் பேரையும் சொல்லப் போவதில்லை. "ஒரு மாசம் தம்பி, முடிச்சு வச்சுடறேன்" என்றார். முன்பணம் வாங்கினார். ஒரு மாதம் கழித்துப் போன் செய்தால், "வேலை நடந்துக்கிட்டு இருக்கு தம்பி." அதற்கடுத்து, "பாலிஷுக்குப் போயிருக்கு." அப்புறம், "மழையா இருக்கு, ப்ளூயிங் பிடிக்கல." இந்தக் கடைசிப் பதில் கேட்க நன்றாக இருந்தது, ஆனால் உதைத்தது. மெதுவான ப்ளூயிங்குக்கு ஈரக் காற்று எதிரி இல்லை, அது வேண்டும். ரிப் வேலை முடிந்ததா என்று கேட்டேன். "அதெல்லாம் முடிஞ்சுடும்" என்றார். முடிந்தது என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் வத்தலக்குண்டு வழியாக பஸ் பிடித்து நேரில் போனேன். "குழலைப் பாக்கணும்ணே" என்றேன். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் தேடி எடுத்துவந்தார். நான் வீட்டில் சுற்றிக் கொடுத்த அதே நாளிதழ். அதே சணல் கயிறு, அதே முடிச்சு. பிரித்துப் பார்த்தேன். ரிப்பின் அந்த விளிம்பு அப்படியே இருந்தது. சொட்டை அப்படியே இருந்தது. வாய்ப் பக்கத்தில் நான் கொடுக்கும்போது இல்லாத புதுத் துரு, பொடிப்பொடியாகச் செம்மண் நிறத்தில் பூத்திருந்தது.

அங்கே நான் சத்தம் போடவில்லை. "அண்ணே, இதைச் செய்யறது நீங்கதானா, வேற ஆளா?" என்று மட்டும் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளதைச் சொன்னார். கட்டை வேலை, குதிரை, ஸ்பிரிங், ஆக்‌ஷன் (குழலைத் திறந்து மூடிச் சுடும் இயக்கப் பகுதி) எல்லாம் அவர் கைவேலை. குழல் பற்றவைப்பதற்கு வேறொருவர் வந்து செய்துகொடுப்பாராம். அவருக்கு உடம்பு முடியாமல் போய் வருவது நின்றுவிட்டது. இவர் காத்திருந்திருக்கிறார். என்னிடம் சொல்லக் கூச்சம். தொழில் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன, பிள்ளைகள் யாரும் இந்த வேலைக்கு வருவதில்லை என்று அவர் வருத்தப்பட்டது உண்மையான வருத்தம். அது எனக்குப் புரிந்தது. ஆனால் இதை முதல் மாதமே சொல்லியிருந்தால் நான் குழலை எடுத்து வந்து எண்ணெய் போட்டு வைத்திருப்பேன். சொல்லாமல் விட்டதில்தான் புதுத் துரு பிடித்தது.

ஆகவே கடையில் கொடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எப்போது கிடைக்கும்" என்பது அல்ல. "குழல் வேலை இங்கேயே, உங்கள் கையாலேயே நடக்குமா" என்பதுதான். இதில் சட்டமும் இருக்கிறது. ஆயுதச் சட்டம் 1959-ன் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கி ரிப்பேர் செய்யவே தனி லைசென்ஸ் வேண்டும். குழல் மட்டும் தனியாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியின் பாகம்தான், இரும்புத்துண்டு இல்லை. உங்கள் எண் பொறித்த குழல் லைசென்ஸ் இல்லாத ஒருவரின் பட்டறையில் கிடந்து அங்கே சோதனை வந்தால், விசாரணை உங்கள் வீட்டுக்கும் வரும்.

இரண்டாவது கேள்வி, போனில் கேட்க வேண்டியது: "எதுவரை வந்திருக்கிறது?" எப்போது தருவீர்கள் என்று கேட்டால் ஒரு தேதி சொல்லிவிடலாம். அடுத்த வாரம் இன்னொரு தேதி. எதுவரை என்று கேட்டால் அவர் வேலையைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ரிப் பிரித்தாயிற்றா, பற்றவைத்தாயிற்றா, தட்டிப் பார்த்தீர்களா, சொட்டை எடுத்த பிறகு சுவர் எத்தனை தௌ இருக்கிறது, ப்ளூயிங் எத்தனையாவது பூச்சு. உண்மையில் வேலை செய்பவருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், சந்தோஷமாக அனுப்புவார். கம்பி கட்டி ஆப்பு வைத்த குழலின் போட்டோவைப் பார்த்தால் அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை.

அவரிடமே இன்னொரு வாய்ப்புக் கொடுத்தேன். வேறு லைசென்ஸ் உள்ள ஆளை வரவழைத்து அந்த மாதக் கடைசிக்குள் ரிப்பைப் பிரித்துக் காட்டுகிறேன் என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டும் கொடுத்தார். அந்தத் தேதி போயிற்று. நடுவில் அவர் சொன்ன குறுக்குவழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாள் இழுத்துப்போனால் எந்தக் கடையிலும் இவை வரும். காத்துக் களைத்தவர்கள் சரி என்று சொல்லிவிடுவார்கள்.

ஒன்று, "வாய்ப்பக்கம் ரெண்டு அங்குலம் வெட்டிட்டா சொட்டை போயிடும் தம்பி." கூடவே கூடாது. ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி தனி லைசென்ஸ் இல்லாமல் யாரும் குழலைக் குட்டையாக்க முடியாது. சட்டத்தை விட்டுவிட்டாலும், ரவையைச் சேர்த்துப் பிடித்து அனுப்பும் சோக் இருப்பது அந்தக் கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில்தான். வெட்டினால் துப்பாக்கியின் குணமே மாறிவிடும். இன்னொன்று, "ஹாட் ப்ளூயிங் போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும்." காஸ்டிக் சோடாவும் உப்பும் கொதிக்கும் தொட்டியில் முக்குவது அது. ஒற்றைக் குழலுக்குப் பரவாயில்லை. ரெட்டைக் குழலில் அந்தக் காரம் ஈயப் பற்றைத் தின்னும், ரிப்புக்கு அடியில் புகுந்து தங்கும், பிறகு வருடக்கணக்கில் உள்ளிருந்து கசியும். ஒரு நாளில் முடிகிற வேலைக்காக ரிப்பையே மறுபடி இழக்க வேண்டியிருக்கும். மூன்றாவது, தோட்டா அறையை நீளமாக்கித் தருகிறேன் என்பது. பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பலவற்றில் அறை இரண்டரை அங்குலம், 65 மில்லிமீட்டர்தான். 70 மில்லிமீட்டர் தோட்டாவும் சந்தையில் கிடைப்பதால் இப்படிச் சொல்வார்கள். பழைய குழலில், அதுவும் மெலிந்த குழலில் அறையைக் குடைவதைவிட 65 மில்லிமீட்டர் தோட்டாவைத் தேடி வாங்குவது நல்லது.

இதற்கெல்லாம் நடுவில் 2024 பாராளுமன்றத் தேர்தல் வந்தது. மார்ச் 16-ல் அறிவிப்பு. சில நாளில் ஸ்டேஷனிலிருந்து போன், துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்று. கடையில் ரிப்பேரில் இருக்கிறது என்றேன். "பேப்பர் கொண்டாங்க சார்" என்றார் ஏட்டு. நல்ல வேளையாகக் கொடுத்த அன்றே கடைக்காரரிடம் ரசீது எழுதி வாங்கியிருந்தேன். துப்பாக்கியின் தயாரிப்பு, போர், எண், என் லைசென்ஸ் எண், எந்தத் தேதியில் எதற்காகக் கொடுத்தது, கடையின் லைசென்ஸ் எண், முத்திரை எல்லாம் அதில் இருந்தன. நகலை ஸ்டேஷனில் கொடுத்தேன், கடைக்கும் போன் செய்து உறுதி செய்துகொண்டார்கள். அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் எங்கே துப்பாக்கி என்ற கேள்விக்கு என்னிடம் வாய்ச்சொல்தான் இருந்திருக்கும். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ல் வாக்குப்பதிவு முடிந்தாலும் ஜூன் 4 எண்ணிக்கை வரை நடத்தை விதி நீடித்ததால், அதுவரை துப்பாக்கியை அங்கிருந்து எடுப்பதும் சரியாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

ரசீதோடு கடையின் ரிப்பேர் பதிவேட்டில் உங்கள் வரியையும் ஒரு பார்வை பாருங்கள். லைசென்ஸ் எப்போது முடிகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்குத் தருகிறார்கள் என்பதால் மறந்துபோவது எளிது. புதுப்பிக்கும்போது ஆயுதத்தைக் காட்டச் சொன்னால், அது எங்கோ கிடக்கக் கூடாது.

ரிப் வேலை மட்டும் என்றால் குழலை மட்டும் கொடுங்கள். கட்டையும் ஆக்‌ஷனும் வீட்டில் பூட்டில் இருக்கட்டும், பொருத்திப் பார்க்கும் கட்டத்தில் கொண்டுபோகலாம். நீங்களே போக முடியாவிட்டால் எழுதிக் கொடுத்து ஆளை அனுப்பலாம். லைசென்ஸ்தாரரின் எழுத்து மூலமான அனுமதியோடு ரிப்பேருக்கு எடுத்துச் செல்பவருக்குத் தனி லைசென்ஸ் வேண்டியதில்லை என்று ஆயுதச் சட்டம் 3-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. நான் என் மைத்துனரை ஒருமுறை அப்படி அனுப்பினேன். கடிதம், லைசென்ஸ், ரசீது மூன்றையும் கையில் கொடுத்து, தோட்டா ஒன்றுகூடப் பையில் இல்லை என்று உறுதி செய்துதான் அனுப்பினேன். செக்போஸ்டில் கேட்டார்கள், காட்டினார், விட்டுவிட்டார்கள்.

தேர்தல் முடிந்ததும் துப்பாக்கியைத் திரும்ப எடுக்கப் போனேன். இங்கேதான் முகதாட்சண்யம் பார்க்கக் கூடாது. "முன்பணம் வேலைக்குச் சரியாப் போச்சு, மிச்சம் கொடுத்துட்டு எடுத்துக்கோங்க" என்றார். என்ன வேலை நடந்தது என்று கேட்டேன். ஆக்‌ஷனைப் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டிருந்தார். அது உண்மை, பார்த்தேன். அதற்குரியதை எடுத்துக்கொண்டு மீதியைத் தரச் சொன்னேன். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 170-ஆம் பிரிவில், ஒரு பொருளில் உழைப்பும் திறமையும் செலுத்தி வேலை செய்தவர் கூலி வரும்வரை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. வைரத்தைப் பட்டை தீட்டிய நகைக்காரரையே அதில் உதாரணமாகச் சொல்கிறார்கள். செய்த வேலைக்குத்தான் அந்த உரிமை, செய்யாத வேலைக்கு இல்லை. நான் பிரிவு எண்ணையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. செய்ததற்குக் காசு, செய்யாததற்கு இல்லை என்று தமிழில் சொன்னேன். ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, ஆனால் இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். "இன்னும் ஒரு மாசம்" என்று சொல்லிச் சொல்லி அந்த இரண்டு வருடம் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸப்பில் கேட்ட கேள்விகளும் வந்த பதில்களும் அங்கே சாட்சி. அதனால் போனில் பேசியதைக்கூட அன்றிரவே ஒரு வரியில் எழுதி அனுப்பிவிடுவேன்: "அண்ணே, இன்னைக்குப் பேசினபடி ரிப் இன்னும் பிரிக்கலை, மாசக் கடைசிக்குள்ள பிரிச்சிடறதாச் சொன்னீங்க."

இரண்டாவதாகக் கொடுத்தது வேறொரு ஊரில், ஒற்றை ஆளாக வேலை செய்யும் ஒருவரிடம். குழலை வாங்கித் தொங்கவிட்டுத் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை தட்டினார். விளக்கைப் பார்த்துக் குழலுக்குள் நோக்கி, உள்சுவரில் விழும் ஒளி வளையங்கள் எங்கே நெளிகின்றன என்று எனக்கும் காட்டினார். சுவர் அளவு எடுத்து எழுதினார். "அஞ்சு மாசம் ஆகும் தம்பி. முன்னால நிறையக் கெடக்கு. ரெண்டு மாசம் உங்க குழலைத் தொடக்கூட மாட்டேன். அதுவரை வீட்ல எண்ணெய் போட்டு வச்சிருங்க, நான் கூப்பிடறேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அப்போது அவர் மேல் வந்த மரியாதை சொல்லி முடியாது. வரிசை நம் துப்பாக்கிக்கு வரும்வரை அது நம் வீட்டில் இருப்பதுதான் முறை. கடையில் கிடந்தால் வரிசை நகர்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

கூப்பிட்டார். கொடுத்தேன். பணத்தைக் கட்டம் கட்டமாகப் பேசிக்கொண்டோம். ரிப் பிரித்ததும் ஒரு பங்கு, பற்றவைத்துத் தட்டிக் காட்டியதும் ஒரு பங்கு, ப்ளூயிங் முடிந்து கையில் வாங்கும்போது மீதி. ரிப்பைப் பிரித்ததும் போட்டோ அனுப்பினார். உள்ளே பழுப்புத் துரு அடை அடையாக இருந்தது. அங்கே சுவர் தேவையான அளவுக்குக் கீழே மெலியவில்லை என்று எழுதியும் அனுப்பினார். ப்ளூயிங்குக்கு முந்திய பாலிஷில் எண்ணும் பர்மிங்காம் சோதனை முத்திரைகளும் அழிந்துவிடக் கூடாது என்று சொல்லியிருந்தேன், கொடுக்கும்போதே அவற்றைத் தெளிவாகப் போட்டோவும் எடுத்து வைத்திருந்தேன். அடையாள எண்ணை அழிப்பது ஆயுதச் சட்டம் 8-ஆம் பிரிவின்படி குற்றம். அழித்தது பாலிஷ் சக்கரம் என்று யாரிடம் போய் நிரூபிப்பது? அவர் அந்த இடங்களைக் கையால்தான் தேய்த்தார்.

சொன்ன ஐந்து மாதம் ஆறரையாகப் போனது. எனக்கு ஒரு நாள்கூட மனவருத்தம் இல்லை. ப்ளூயிங்கில் ஒரு திட்டு விழுந்து முழுவதையும் எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார், அதையும் அன்றே சொன்னார். அந்தக் கட்டத்தில் அவசரப்படுத்தக் கூடாது. அவசரப்படுத்த வேண்டியது வேலை தொடங்காத கட்டத்தில்தான். அங்கே நாம் பொறுமையாக இருந்துவிட்டு, ப்ளூயிங் நடக்கும்போது தினமும் போன் போட்டு நச்சரிப்பது வேலையைக் கெடுக்கும். நம்மில் பலர் இப்படித் தலைகீழாகத்தான் செய்கிறோம்.

திரும்ப வாங்கும்போது கடையிலேயே தட்டிப் பாருங்கள், குழலுக்குள் ஒளி வளையம் பாருங்கள், எண் படிக்கிறதா பாருங்கள், குழல் ஆக்‌ஷனோடு சேரும் இடத்தில் விளக்கை வைத்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள், முன்கட்டையைக் கழற்றிவிட்டு மூடி ஆட்டிப் பாருங்கள். ரசீதில் "திரும்பப் பெற்றேன்" என்று இருவரும் கையெழுத்திட்டு, ஸ்டேஷனில் முன்பு பேப்பர் கொடுத்திருந்தால் அங்கும் தகவல் சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் துணி உறையிலோ தோல் உறையிலோ பூட்டி வைக்காதீர்கள், அவை ஈரத்தைக் குடித்துக் குழலுக்குக் கொடுக்கும். மூட்டக் காலத்தில் வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணி ஓட்டி, வாய் கீழாக நிறுத்துங்கள். மேலாக நிறுத்தினால் எண்ணெய் வடிந்து கட்டையின் தலையில் ஊறி மரம் மென்மையாகிவிடும்.

இந்த வருடம் கொடுக்க நினைப்பவர்கள் மிளகு பறித்து முடிந்ததும், பங்குனி வாக்கில் கடைக்காரரிடம் பேசி வரிசையில் பெயர் போடுங்கள். பெயர் மட்டும் போதும், குழல் வேண்டாம். அவர் தொடங்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுத்தால், கோடையிலேயே பற்றவைப்பு முடிந்து, ஐப்பசி மூட்டம் இறங்குவதற்குள் ரிப் மூடியிருக்கும்.